ஒரு கோட்டில் அடங்காத பெயர்கள்: ஹாஸ்பிஸ் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசி நாட்களில் வலி குறைத்துப் பார்த்துக்கொள்ளும் உங்கள் ஹாஸ்பிஸ் இல்லத்திலிருந்து போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. சிறப்பாகப் பணியாற்றும் ஊழியர் ஒருவரை இந்த ஆண்டிலிருந்து தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கப் போவதாகவும், அதற்கு நோயாளிகளின் குடும்பத்தார் ஒரு பெயரைப் பரிந்துரைக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். கூடவே ஒரு படிவம். பெயர் எழுத ஒரு கோடு, காரணம் எழுத மூன்று கோடுகள்.

இப்படி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதற்கு முதலில் நன்றி. உங்கள் ஊழியர்களைப் பற்றி யாராவது என்னிடம் கேட்கமாட்டார்களா என்று அம்மா போன நாளிலிருந்து காத்திருந்தேன். ஆனால் அந்தப் படிவத்தை என்னால் நிரப்ப முடியவில்லை. ஒரு பெயரை எழுதுவேன். உடனே இன்னொருவர் முகம் வந்து நிற்கும். அடித்துவிட்டு அவர் பெயரை எழுதுவேன். அப்புறம் மூன்றாவதாக ஒருவர். கடைசியில் அந்தக் கோடு முழுக்கக் கிறுக்கலாகிவிட்டது. அதனால்தான் இந்த மடல். உங்கள் இல்லத்தில் உறவுகளை வழியனுப்பிய மற்ற குடும்பங்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். ஊழியர்கள் யாருடைய பெயரையும் இங்கே சொல்லவில்லை. அவர்களைக் கேட்காமல் ஊரறியச் சொல்வது முறையாகாது.

அம்மா உங்களிடம் இருந்தது 23 நாட்கள். புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் பரவியிருந்தது. வந்த அன்று, அதற்கு முன்பு இருந்த மருத்துவமனையின் பழக்கத்தில், நான் அவருடைய நோய்ப் பெயரையும் கோப்பு எண்ணையும் சொல்ல ஆரம்பித்தேன். உங்கள் சிஸ்டர் ஒருவர் என்னைக் கையமர்த்திவிட்டு அம்மாவின் பக்கம் குனிந்து, "உங்களை நாங்க எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டார். அம்மா தன் வீட்டுப் பெயரைச் சொன்னார். சின்ன வயதில் அவரை அப்படிக் கூப்பிட்டவர்கள் ஒருவரும் இன்று இல்லை. அந்த 23 நாளும் பகல் ஆட்கள், இரவு ஆட்கள் எல்லாரும் அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார்கள். ஒருவர் கேட்டுக்கொண்டது அத்தனை பேருக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஷிப்ட் மாறும்போது கைமாற்றிக்கொள்ளும் குறிப்பில், மருந்துகளுக்கும் மேலே, முதல் வரியாக அதை எழுதிவைத்திருந்தார்கள்.

மார்ஃபின் என்ற கடும் வலி மருந்தின் பெயரைக் கேட்டதும் நான் பயந்துபோனேன். அது கொடுத்தால் கணக்கு முடிந்தது, சீக்கிரம் போய்விடுவார் என்றுதான் என்னைப் போலப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதே சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வலிக்கு ஏற்ற அளவில் ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்றுவோம், வலி வந்த பிறகு துரத்திப் பிடிப்பது கடினம், அதனால் வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுப்போம், இடையில் திடீரென்று வலித்தால் அதற்குத் தனி அளவு, மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தும் முதல் நாளே சேரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றாம் நாள் அம்மா என்னிடம் ஜன்னல் திரையை விலக்கச் சொன்னார். பல வாரங்களாக வலியைத் தவிர வேறெதையும் பேசாதவர், வெளிச்சம் வேண்டும் என்று கேட்டார்.

அப்புறம்தான் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். நவீன ஹாஸ்பிஸ் இயக்கம் என்றால் சிசிலி சாண்டர்ஸ் பெயரைத்தான் சொல்வார்கள். நர்ஸாகப் பயின்று, மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்து, பிறகு மருத்துவம் படித்து 1957-இல் மருத்துவரானவர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி என்பது உடம்பில் மட்டும் இருப்பதில்லை, மனக்கலக்கம், குடும்பக் கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று சொன்னவர் அவர்தான். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு விவரம். மருத்துவம் படிக்கப் போவதற்கு முன்பு செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் மாலை நேரங்களில் அவர் தன்னார்வலராக வேலை செய்தார். வலி வரும்வரை காத்திராமல் குறித்த நேரத்தில் மார்ஃபின் கொடுக்கும் வழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டுதான் பிறகு செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் அதைக் கொண்டுவந்தார், நோயாளிகளின் அனுபவங்களைத் திரட்டி எழுதினார், உலகத்தையும் ஏற்க வைத்தார். சாண்டர்ஸின் பெருமை இதனால் ஒரு துளியும் குறையாது. செயின்ட் லூக்ஸில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அந்த மருந்தை நோயாளிகளுக்குப் புகட்டிய நர்ஸுகளின் பெயர்கள்தான் நமக்குத் தெரியாமலே போய்விட்டன. உங்கள் படிவத்தின் ஒற்றைக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது.

இரவு ஷிப்டில் வரும் உதவியாளர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பகலில் வந்துபோகும் உங்களில் பலர் அவர்களைப் பார்த்தே இருக்கமாட்டீர்கள்.

அம்மாவால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாத நிலை வந்ததும், படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. இரவு பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நான்குக்கு. கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஒரு தடவை நான் உதவிக்குப் போனேன், அப்போதுதான் அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரிந்தது. இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் உரியும். விரிப்போடு சேர்த்துத் தூக்க வேண்டும், இரண்டு பேர் ஒரே மூச்சில். இரண்டு முழங்காலும் உரசாமல் நடுவில் ஒரு தலையணை. குதிகால் படுக்கையில் அழுந்தாமல் கீழே ஒரு மடிப்பு. விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பது. பிறகு ஈரப் பஞ்சுக் குச்சியால் உதட்டையும் நாக்கையும் நனைத்து, உதட்டில் களிம்பு தடவுவது. தண்ணீர்கூட விழுங்க முடியாதவருக்கு வாய் காய்ந்து கிடப்பது எவ்வளவு பெரிய துன்பம்! அந்த ஈரம் நாக்கில் பட்டதும் அம்மாவின் புருவம் தளர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் அந்த உதவியாளர் முதலில் அம்மாவிடம் சொல்வார்: "அம்மா, இப்ப இடது பக்கமா திருப்பப் போறேன். கை கொஞ்சம் சில்லுனு இருக்கும்." கடைசி நான்கு நாட்கள் அம்மாவுக்கு நினைவே இல்லை. அப்போதும் சொன்னார். காது கேட்குமா என்று கேட்டேன். "கேட்குதோ இல்லையோ, சொல்லாம தொடக் கூடாது இல்லையா" என்றார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஹாஸ்பிஸில் இருந்த நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நினைவிழந்து, சாவுக்குச் சில மணி நேரமே இருந்த நிலையிலும் அவர்களில் சிலருடைய மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியிருக்கிறது. இது எனக்குப் பின்னால் படித்துத் தெரிந்தது. அந்த உதவியாளர் இந்த ஆய்வைப் படித்துவிட்டு அப்படி நடந்துகொள்ளவில்லை.

உங்கள் படிவத்தில் பதவி என்ற இடத்தில் மருத்துவர், செவிலியர், உதவியாளர், மற்றவர் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. அந்த மற்றவர் என்ற கட்டத்துக்குள் எத்தனை பேர்! துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய வாளிவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிடும். அம்மா தூங்கும்போது அந்த அறை வாசலில் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து, "இவங்க எதையோ தேடறாங்க" என்றார். அம்மாவின் விரல்கள் விரிப்பில் துழாவிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. அழைப்பு மணி கீழே விழுந்திருந்தது. துடைத்து எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போனார். இது எந்தக் கோப்பிலும் ஏறியிருக்காது.

கடைசி இரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்குமேல் எழுத முடியவில்லை. அம்மாவின் தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வந்தது. மூச்சு வேகமாகும், மெதுவாகும், நிற்கும், மறுபடி தொடங்கும். மூச்சுத் திணறுகிறார் என்று நினைத்துக் கத்திவிட்டேன். இரவு சிஸ்டர் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, தொண்டையில் சேர்ந்த நீரை விழுங்க முடியாததால் வரும் சத்தம் இது, நமக்குத்தான் கேட்கக் கஷ்டம், அவருக்கு இதனால் வேதனை இல்லை என்றார். முகத்தைப் பார்க்கச் சொன்னார். நெற்றி சுருங்கவில்லை. அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் சத்தம் குறைந்தது. இன்று அந்த இரவை நினைத்தால் சத்தம் நினைவுக்கு வருவதில்லை. சுருங்காத அந்த நெற்றிதான் நினைவில் இருக்கிறது. அந்த சிஸ்டர் சொல்லாமல் விட்டிருந்தால் ஆயுள் முழுக்க அந்தச் சத்தத்தோடுதான் நான் வாழ்ந்திருப்பேன்.

விடியும்முன் அம்மா போய்விட்டார். உடம்பைத் துடைக்கும்போதும் அவர்கள் பேசிக்கொண்டேதான் துடைத்தார்கள், அந்த வீட்டுப் பெயரைச் சொல்லியே. தலைமுடியை வாரிவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, இன்னொரு அறையில் மணி அடித்தது. சிஸ்டர் வெளியே போனார். நான் பின்னாலேயே தண்ணீர் எடுக்கப் போனேன். நடையில், துணி அலமாரிப் பக்கம், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அரை நிமிடம் இருக்கும். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மணி அடித்த அறைக்குள் போனார். உள்ளே அவர் பேசிய குரல் எப்போதும் போலவே இருந்தது.

குழுவினரே, இந்த மடலை எழுத வைத்தது அந்த அரை நிமிடம்தான்.

எனக்குத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். வேலைக்கு விடுப்பு கிடைத்தது. 23 நாள் அம்மாவைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துக்கொண்டவருக்குக் கிடைத்தது அலமாரிப் பக்கம் அரை நிமிடம். துக்கப்பட உனக்கு என்ன உரிமை என்று சமூகம் பார்க்கும் துக்கத்தைப் பற்றி, அங்கீகாரம் மறுக்கப்பட்ட துக்கம் என்ற கருத்தை முன்வைத்து, கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989-இல் ஒரு நூலைத் தொகுத்தார். உங்கள் ஊழியர்களின் துக்கம் அந்த வகையைச் சேர்ந்தது. ஒருவருடைய சாவு இன்னும் உடம்பை விட்டு இறங்குவதற்குள் அடுத்தவர் அதே படுக்கைக்கு வந்துவிடுகிறார். மாதத்துக்கு எத்தனை, வருடத்துக்கு எத்தனை! அவர்களைக் கௌரவிக்க விரும்பினால் அங்கிருந்து தொடங்குங்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு சாவு நடந்த பிறகு, பார்த்துக்கொண்டவர்களுக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள். அந்த நேரத்தில் அடிக்கும் மணிக்கு வேறொருவர் போகும்படி ஆட்களை அமர்த்துங்கள். அமெரிக்காவில் ஒரு நர்ஸ் தொடங்கி வைத்து, ஒரு நோயாளி இறந்ததும் படுக்கையைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் சிறிது நேரம் அமைதியாக நின்றுவிட்டுக் கலையும் வழக்கம் பல மருத்துவமனைகளுக்குப் பரவியிருக்கிறது. செலவே இல்லாத காரியம்.

இன்னொன்றும் சொல்கிறேன். கென்னத் ஷ்வார்ட்ஸ் என்று பாஸ்டன் நகர வழக்கறிஞர் ஒருவர், நுரையீரல் புற்றுநோயால் 1995-இல் இறந்தார். சிகிச்சையில் இருந்தபோது மருத்துவ ஊழியர்கள் காட்டிய சின்னச் சின்ன அன்புதான் தாங்க முடியாததைத் தாங்க வைத்தது என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் பெயரில் தொடங்கிய மையத்தின் வழியாக, மருத்துவமனை ஊழியர்கள் பதவி வேறுபாடு இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்து, இந்த வேலை தங்கள் மனதை என்ன செய்கிறது என்று பேசும் கூட்டங்கள் பல இடங்களில் நடக்கின்றன. சிகிச்சை முறையைப் பற்றிய விவாதம் அங்கே கிடையாது. உங்கள் இல்லத்திலும் மாதம் ஒருமுறை நடத்தலாம். துப்புரவு அக்காவுக்கும் அதில் நாற்காலி இருக்க வேண்டும்.

சரி, விருதே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். குடும்பங்கள் சொல்லும் கதைகளுக்குப் பெரிய மதிப்பு உண்டு. அமெரிக்காவில் 33 வயதில் இறந்துபோன ஒருவருடைய குடும்பம், அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கு நன்றி சொல்ல 1999-இல் டெய்ஸி என்ற அறக்கட்டளையைத் தொடங்கியது. நோயாளிகளும் குடும்பங்களும் எழுதி அனுப்பும் அனுபவங்களை வைத்து நர்ஸுகளைக் கௌரவிப்பது இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதைப் படித்தபோது எனக்குப் பிடித்தது, அந்த நர்ஸ் என்ன செய்தார் என்று குடும்பமே தன் சொற்களில் எழுதுவதுதான். உங்கள் படிவத்திலும் பெயருக்கு ஒரு கோடும் காரணத்துக்கு மூன்று கோடும் போடுவதற்குப் பதிலாக, நடந்ததை எழுத ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். எத்தனை பேரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லுங்கள். எல்லாரையும் பாராட்டினால் யாரையும் பாராட்டாத மாதிரி ஆகிவிடும் என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். பொத்தாம்பொதுவாக 'அனைவருக்கும் நன்றி' என்றால் அப்படித்தான் ஆகும். இன்னார் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார், இன்னார் குதிகாலுக்குக் கீழே மடிப்பு வைத்தார் என்று எழுதினால் ஆகாது.

என் தவறிலிருந்தே இதைச் சொல்கிறேன். அம்மா போன பத்தாம் நாள் நான் ஒரு நன்றி அட்டை அனுப்பினேன், 'அனைவருக்கும்' என்று போட்டு. அது பகல் அலுவலக அறையின் பலகையில் குத்தப்பட்டிருந்ததாம். அந்த அறை மாலையில் பூட்டப்படும். இரவு ஷிப்டில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை என்பது, அம்மாவின் பொருட்களை வாங்கிப்போக வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இதில் யார் மேலும் கோபமில்லை. இனிமேல் வரும் கடிதங்களை ஷிப்ட் மாறும் நேரத்தில், இரண்டு பக்க ஆட்களும் இருக்கும்போது படித்துக் காட்டுங்கள். விழா எடுத்தால் இரவு ஆட்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பகலில் வரும்படி வைக்காதீர்கள். அவர்களுடைய நேரத்துக்கு நீங்கள் வாருங்கள்.

சொற்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். உங்கள் கடிதத்தில் 'தியாகம்', 'தெய்வப் பணி' என்றெல்லாம் இருந்தது. நானும் அப்படித்தான் பேசினேன். ஒருநாள் மனம் நெகிழ்ந்து, "நீங்க எங்களுக்குத் தெய்வம் மாதிரி" என்று அந்த சிஸ்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்படிச் சொல்லாதீங்க. இது நான் படிச்சுக் கத்துக்கிட்ட வேலை" என்றார். அது என் மனதில் தைத்துவிட்டது. வலியின் அளவை முகத்தை வைத்துக் கணிப்பது, சிரிஞ்ச் பம்பில் மருந்து சீராக இறங்குகிறதா என்று பார்ப்பது, குடும்பத்தாரிடம் எந்த நேரத்தில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருப்பது என்பதெல்லாம் பல ஆண்டுகள் கற்றுச் சேர்த்த திறமை. தெய்வம் என்று சொல்லிவிட்டால் அந்தப் படிப்பு மறைந்துபோகும். தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம், வார விடுப்பு வேண்டாம், முதுகு வலிக்காது. இவர்களுக்கு எல்லாம் உண்டு. சம்பள உயர்வும் இரவில் இன்னும் இரண்டு ஆட்களும் தர வேண்டிய இடத்தில் பாராட்டுப் பத்திரம் வந்து நின்றுவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் துப்புரவு ஆட்களுக்கும் உங்கள் மற்ற ஊழியர்களுக்கு இருக்கும் விடுப்பு கிடைக்க வேண்டும். பணத்துக்கு நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அதற்காக நன்கொடை திரட்ட வேண்டுமென்றால் என்னைப் போன்ற குடும்பங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இவர்களை இழந்தால் எளிதில் வேறு ஆட்கள் கிடைக்கமாட்டார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். உலகில் ஆண்டுதோறும் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு, அம்மாவுக்குக் கிடைத்தது போல வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுவதாகவும், அதில் சுமார் 14 சதவீதம் பேருக்கே அது கிடைப்பதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அம்மா அந்தப் பதினான்கில் ஒருவராக இருந்தார். இரவு இரண்டு மணிக்கு அவரைத் திருப்பிவிட ஆள் இருந்ததால்தான் இருந்தார்.

உங்கள் படிவத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பெயருக்கான கோட்டுக்குக் கீழே நானே கோடுகள் போட்டுப் பதினொரு பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஒவ்வொருவரும் செய்தது என்னவென்று, நாள் நினைவிருந்த இடங்களில் நாளும் போட்டு. நான்கு பக்கம் வந்துவிட்டது. அதை இரவு ஷிப்ட் தொடங்கும்போது படித்துக் காட்ட அனுமதித்தால் நானே வருகிறேன்.

பதினொரு பேரில் பத்துப் பேருக்குத்தான் பெயர் எழுதியிருக்கிறேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவரை 23 நாளும் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் அம்மாவின் வீட்டுப் பெயரைத் தெரிந்துவைத்திருந்தார். நான் அவர் பெயரைக் கேட்கவே இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். தயவுசெய்து அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் இல்லத்தில் 23 நாட்கள் இருந்த ஒரு அம்மாவின் மகள்